முருகன் மாத்திரையை நிறுத்தச் சொன்னாரா?



போன வாரம் நம்ம குழுவில் ஒரு சகோதரியின் அனுபவப் பதிவு சுற்றியது. பெரும்பாலானவர்கள் படித்திருப்பீர்கள். பல வருஷமாகத் தூக்கம் இல்லை, காரணமே இல்லாத பயம், நெஞ்சு படபடப்பு. டாக்டர் கொடுத்த மாத்திரையை விட முடியவில்லை. சிறுவாபுரிக்கு ஆறு செவ்வாய் வருவதாக வேண்டிக்கொண்டார். முதல் செவ்வாய் அன்றே மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டார். "இப்போ நிம்மதியா இருக்கேன். முருகன் இருக்கும்போது மாத்திரை எதுக்கு?" என்று முடித்திருந்தார். கீழே வரிசையாக அரோகரா. எனக்கே அது வேறு மூன்று குழுக்களில் இருந்து திரும்பி வந்தது.

அந்தச் சகோதரிக்குக் கிடைத்த நிம்மதியை நான் சந்தேகப்படவில்லை. சிறுவாபுரி வாசலில் போய் நின்றாலே மனசு லேசாவது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே வரியை ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் என் சொந்த அண்ணனிடம் சொன்னவன். இதை இங்கே எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுடா, பேர் மட்டும் போட்டுடாத" என்றார்.

அண்ணனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. உலையில் இருந்து செக்கச்செவேல் என்று வெளியே வரும் கம்பியைப் பார்த்துக்கொண்டே எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. மாற்று ஆள் வராவிட்டால் எட்டு மணி பதினாறு மணி ஆகும். ராத்திரி வேலை முடிந்து காலையில் வந்து, ஷீட் போட்ட வீட்டில், வெயில் ஏற ஏறத் தூங்கப் பார்ப்பார். சிப்காட் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு கட்டத்தில் லீவு நாளிலும் தூக்கம் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. டிவி ஓடும், பார்க்க மாட்டார். கேட்டால் "உடம்பு சரியில்ல" என்பார். உடம்புக்கு எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு டாக்டர்தான் இது மனச்சோர்வு நோய், டிப்ரஷன், என்று பெயர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரெண்டு மாசத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது. சிரிக்க ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டில் பிரச்சனை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. மனநல மாத்திரை என்று தெரிந்ததும் அம்மா பயந்துவிட்டாள். தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? "தம்பி, நீ சொன்னா கேப்பான்" என்றாள் என்னிடம். இன்ஜினியரிங் படித்தவன், கம்ப்யூட்டர் வேலை, நம்ம வீட்டில் என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு. நானும் அப்போது புதிதாகச் சஷ்டி விரதம் எல்லாம் இருக்க ஆரம்பித்து, கொஞ்சம் தலைக்கேறிய பக்தியில் இருந்தேன். அண்ணனிடம் சொன்னேன்: "ஆறு செவ்வாய் சிறுவாபுரி போலாம்ணா. அந்த ஆறு வாரமும் மாத்திரை வேணாம். ஒரு கையில மாத்திரைய வெச்சிக்கிட்டு இன்னொரு கையால கும்பிட்டா அது அரைகுறை நம்பிக்கை. அதுக்கு முருகன் எப்படிப் பலன் குடுப்பாரு?"

அண்ணன் என்னை நம்பி நிறுத்திவிட்டார்.

முதல் செவ்வாய், ரெண்டாம் செவ்வாய், எல்லாம் நன்றாகத்தான் போனது. அம்மா வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். நானே அப்போது ஒரு பதிவு எழுதியிருப்பேன், நல்லவேளை எழுதவில்லை. இங்கேதான் ஒரு விஷயத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மாத்திரைகள் தலைவலி மாத்திரை போல இல்லை. ஆரம்பித்தால் பலன் தெரியவே பல வாரம் ஆகும். நிறுத்தினாலும் நோய் மறுநாளே திரும்பி வந்து கதவைத் தட்டாது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கழித்து வரும். அதனால் நிறுத்திய முதல் சில வாரத்தில் ஒருத்தர் நன்றாக இருப்பதை வைத்து "நிறுத்தியதால் நன்றாக இருக்கிறார்" என்று முடிவு கட்டவே முடியாது. திடீர் என்று நிறுத்துவதால் சிலருக்குத் தனியாகவே தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடிப்பது போல ஓர் உணர்ச்சி எல்லாம் வரும். அண்ணனுக்கு வந்தது. எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்பிக்கை இல்லாதவன் என்று நாங்கள் நினைப்போம் என்று சொல்லவில்லை.

ஐந்தாவது செவ்வாய் வரிசையில் நிற்கும்போது, "நீங்க போய்ட்டு வாங்க, நான் வெளிய இருக்கேன்" என்றார். அன்று ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பியவர் வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. நானும் சித்தப்பாவும் பைக்கில் அலைந்து, விடியற்காலை மூன்று மணிக்குப் பொன்னேரி ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தோம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்: "முருகனுக்கே நான் வேணாம் போலடா. எனக்குத்தான் நம்பிக்கை பத்தல."

நோயால் பட்ட கஷ்டத்தோடு, சாமியே தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற பாரத்தையும் சேர்த்து ஒரு மனுஷன் தலையில் ஏற்றி வைத்தது நோய் இல்லை. நான்தான். மறுநாளே அதே டாக்டரிடம் போனோம். அவர் திட்டவில்லை, அது இன்னும் வலித்தது. இன்றைக்கு அண்ணன் நன்றாக இருக்கிறார்.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். சாப்ட்வேர் ஆள்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஏதாவது உடைந்தால் லாக் எடுத்துப் பார்க்காமல் தூக்கம் வராது. கோயிலுக்குப் போனால் மன நோய் குறையுமா, குறையாதா என்று யாராவது முறையாகப் பார்த்திருக்கிறார்களா என்று தேடினேன். பார்த்திருக்கிறார்கள். அதுவும் நம்ம தமிழ்நாட்டிலேயே. ஊர்ப் பேரைக் கேட்டால் உங்களுக்குச் சிலிர்க்கும்: வேலாயுதம்பாளையம்புதூர்.

தெற்கே உள்ள அந்தச் சின்ன ஊரில் முத்துசாமி கோயில் என்று ஒன்று. முத்துசாமி என்ற அடியவரின் சமாதி மேல் எழுந்த கோயில். மனசு கலங்கியவர்களை அங்கே கொண்டுபோய்த் தங்க வைத்தால் தெளிவார்கள் என்று சுற்று வட்டாரத்தில் நம்பிக்கை. 2000-ஆம் வருஷம், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் அவருடைய குழுவும் அங்கே போனார்கள். கேலி செய்யப் போகவில்லை, கும்பிடவும் போகவில்லை, அளக்கப் போனார்கள். மூன்று மாதத்தில் வந்து தங்கிய 31 பேரை, வந்த அன்றைக்கே பயிற்சி பெற்ற மனநல மருத்துவர் பரிசோதித்தார். அவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய், சாதாரணக் கவலை இல்லை. நோயின் தீவிரத்தை எண்ணில் குறிக்க உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்தும் ஓர் அளவுகோலால் மதிப்பெண் போட்டார்கள். அவர்கள் கோயிலை விட்டுக் கிளம்பும்போது மறுபடி அளந்தார்கள். சிலர் ஒரு வாரம் தங்கினார்கள், சிலர் பல மாதம், சராசரியாக ஆறு வாரம். (ஆறு வாரம்! நம்ம ஆறு செவ்வாய்க் கணக்கு.)

மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. சில மருந்துகள் தரும் அளவுக்கே அந்தக் குறைவு இருந்தது என்று 2002 ஜூலையில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற பெரிய மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை வந்தது.

இவ்வளவோடு நிறுத்தினால் இதுவும் ஒரு பார்வர்ட் மெசேஜ் ஆகிவிடும். "கோயிலே மருந்து, விஞ்ஞானிகள் ஒப்புதல்" என்று தலைப்புப் போட்டு நாலு வேல் படத்தோடு சுற்றலாம். அதனால்தான் மீதியையும் சொல்கிறேன், தயவுசெய்து படியுங்கள்.

அங்கே அந்த 31 பேருக்கு என்ன நடந்தது என்று பார்த்தால், பேய் ஓட்டவில்லை, அடிக்கவில்லை. மன நோயைக் குணமாக்க என்று விசேஷச் சடங்கு எதுவும் கிடையாது. காலையில் கால் மணி நேரம் எளிமையான ஒரு பூஜை. மற்ற நேரம் கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று சின்னச் சின்ன வேலை. வீட்டில் இருந்து ஓர் ஆள் கூடவே வந்து தங்குவார். அவர்களை யாரும் பைத்தியம் என்று பார்க்கவில்லை, விரட்டவில்லை, "எப்போ சரியாவ?" என்று கேட்டு நச்சரிக்கவில்லை. பயமில்லாத ஓர் இடம், அணைத்து வைத்துக்கொள்ளும் மனிதர்கள். அந்தச் சூழல்தான் காரணமாக இருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு ஆறு வாரம் ஞாபகம் வந்தது. நாங்கள் அண்ணனை ஒவ்வொரு செவ்வாயும் வண்டியில் ஏற்றினோம், ஜிஎன்டி ரோட்டில் போனோம், இரண்டு மூன்று மணி நேரம் வரிசையில் நிறுத்தினோம், நெய் விளக்கு போட வைத்தோம், திரும்பி வந்ததும் "எப்டி இருக்கு? பரவால்லயா?" என்று முகத்தையே பார்த்தோம். அன்று ராத்திரியே ஷிப்டுக்கு அனுப்பினோம். வேலாயுதம்பாளையம்புதூரில் கிடைத்த எதையும் அவருக்கு நாங்கள் கொடுக்கவில்லை. மாத்திரையையும் பிடுங்கிக்கொண்டோம்.

ஒரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. கோயிலுக்குப் போகாத அதே மாதிரி 31 பேரோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகு நிலைத்ததா என்று அந்த எண் சொல்லாது. இருபது சதவீதம் குறைந்தது என்றால் எண்பது மிச்சம் இருக்கிறது என்பதையும் நாம்தான் கணக்குப் போட வேண்டும். அவர்கள் எங்கேயும் மருந்தை நிறுத்து என்று சொல்லவும் இல்லை. மனநல மருத்துவர்கள் கோயிலை எதிரியாகப் பார்க்காமல் அதன் பலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த டாக்டர்களின் வாதம்.

நம்பிக்கையின் பெயரால் என்ன ஆபத்து வரும் என்பதற்கும் தமிழ்நாடுதான் சாட்சி. அந்த டாக்டர்கள் முத்துசாமி கோயிலில் கணக்கெடுத்த அடுத்த வருஷம், 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. அங்கே தர்காவை நம்பி வந்த மன நோயாளிகளைக் காசு வாங்கிக்கொண்டு வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்துபோனார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த இடத்திலும் நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகத் தடை செய்திருக்கிறது. அந்த 28 பேரையும் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களை நேசித்த குடும்பத்தார்தானே. எங்கள் அம்மா மாதிரி, என்னை மாதிரி.

பின்னால் நல்லதும் நடந்தது. ஏர்வாடி தர்காவிலேயே துவாவோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்கும் திட்டம் வந்தது. திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், தங்கும் வழக்கம் பழங்காலம் தொட்டு உண்டு. அங்கே இப்போது அனுமதி பெற்ற மனநல மறுவாழ்வு மையமே கோயில் சார்பில் நடக்கிறது, டாக்டர் வந்து பார்க்கிறார். தீர்த்தம் தெளிக்கும்போது தெளிக்கிறார்கள், மாத்திரை நேரத்தில் மாத்திரை. நம்ம முருகனுக்கு மாமா வீட்டில் நடக்கும் நல்ல காரியம், நாமும் கற்றுக்கொள்ளலாம்.

சரி, அறிவியல் இருக்கட்டும், நம்ம சமயம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நான் பெரிய படிப்பாளி இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், தப்பு இருந்தால் பெரியவர்கள் திருத்துங்கள்.

நாம் செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறோம். அந்தச் செவ்வாய், அங்காரகன், தனக்கு வந்த தோல் நோய் தீர எங்கே போனார்? வைத்தீஸ்வரன் கோயிலுக்கு. அங்கே அப்பன் சிவபெருமானுக்குப் பெயரே வைத்தியநாதர். அம்பாள் தையல்நாயகி, கையில் தைலப் பாத்திரத்தோடு வந்தவள். பிள்ளை அங்கே செல்வமுத்துக்குமாரசுவாமி. அந்தத் தலத்துப் பிரசாதமே திருச்சாந்துருண்டை, மருந்தாகவே கொடுக்கப்படுவது. பார்வை ஒன்றிலேயே நோயை எரித்துவிடக்கூடிய பரமேஸ்வரன், எதற்காக வைத்தியர் வேஷம் போட வேண்டும்? எதற்காக அம்பாள் தைலம் தூக்கிக்கொண்டு பின்னால் வர வேண்டும்? பழனியில் மூலவரையே போகர் என்ற சித்த வைத்தியர் நவபாஷாணத்தில் செய்தார் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். கடவுளின் உடம்பே மருந்து என்று கொண்டாடும் நாம், டாக்டர் கொடுக்கும் மருந்து மட்டும் நம்பிக்கைக் குறைவு என்றால் எப்படி?

அடுத்தது நான் அண்ணனிடம் சொன்ன அந்த அரைகுறை நம்பிக்கை. இதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. அருணகிரிநாதர் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கை வெறுத்து, நோயால் நொந்து, திருவண்ணாமலைக் கோபுரத்தில் இருந்து விழப்போனபோது அவர் விரதம் இருந்தாரா? ஆறு செவ்வாய் முடித்திருந்தாரா? பாடல் ஒன்றாவது பாடியிருந்தாரா? ஒன்றும் இல்லை. முருகன் முதலில் கையில் தாங்கினார். பாட்டு எல்லாம் அப்புறம்தான். நம்பிக்கை எவ்வளவு சதவீதம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தாங்கவில்லை. மனசு உடைந்து விழும் ஒருத்தனை நம்ம கடவுள் எப்படி நடத்துவார் என்பதற்கு இதைவிட வேறு கதை வேண்டுமா? நான் என் அண்ணனுக்குக் காட்டியது இந்த முருகனை இல்லை. வருகைப் பதிவேடு வைத்திருக்கும் ஒரு சூப்பர்வைசரைக் காட்டினேன். அவருக்கு மில்லிலேயே அப்படி ஒருவர் இருந்தார், போதும்.

அதே அருணகிரியார் திருத்தணியில் பாடிய ஒரு திருப்புகழ் நம்மில் பலர் தினமும் பாடுவது. இருமல், வாதம், நீரிழிவு, விடாத தலைவலி, சோகை என்று நோய்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கி முருகனிடம் முறையிடும் பாட்டு. அதில் முயலகன் என்று வருவது வலிப்பு நோய். வெட்கப்படவே இல்லை, பட்டியல் போட்டுச் சொல்கிறார். இப்போது மனசு பற்றிய ஓர் ஆராய்ச்சி சொல்கிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லீபர்மேன் என்பவர் 2007-இல் வெளியிட்டது. கோபமான முகம், பயந்த முகம் இவற்றின் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். சும்மா பார்க்கும்போது மூளையில் பயத்துக்கு மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதி துடிக்கிறது. "இது கோபம்", "இது பயம்" என்று அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது அந்தத் துடிப்பு குறைகிறது. பெயர் சொன்னாலே கொஞ்சம் அடங்குகிறது. எங்கள் அண்ணன் மாதக்கணக்கில் "உடம்பு சரியில்ல" என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தார். எங்கள் வீட்டில் நெஞ்சு வலிக்கு வார்த்தை உண்டு, முட்டி வலிக்கு உண்டு, இதற்குக் கிடையாது.

திருத்தணி பற்றி இன்னும் ஒன்று. நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கும் படைவீடு என்பதால் நமக்கு அருமை தெரிவதில்லை. சூரபத்மனோடு போர் முடிந்தது திருச்செந்தூரில். வெற்றி, ஜெயம், எல்லாம் ஆயிற்று. ஆனால் முருகனின் கோபம் அங்கேயே தணியவில்லை. தணிந்த இடம் தணிகை மலை. அதனால்தான் கந்த சஷ்டிக்கு மற்ற ஊரெல்லாம் சூரசம்ஹாரம் நடக்கும்போது, தணிகையில் சம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலி நடக்கிறது. மூட்டை மூட்டையாகப் பூ. சண்டை முடிந்த பிறகும் உடம்பும் மனசும் சண்டையிலேயே நிற்கும், அது இறங்குவதற்குத் தனி இடமும் நேரமும் வேண்டும் என்பதைத்தான் ஸ்ட்ரெஸ் பற்றிப் படிக்கிறவர்களும் சொல்கிறார்கள். ஷிப்ட் முடிந்து பஞ்ச் அடித்துவிட்டு வெளியே வந்தாலும் நெஞ்சு மில்லுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருக்கும் ஆள்களை நான் தினம் கும்மிடிப்பூண்டி ரயிலில் பார்க்கிறேன். என் வேலையும் அப்படித்தான், லேப்டாப்பை மூடியதும் மூடிவிடாது. கடவுளுக்கே செந்தூரில் இருந்து தணிகை வரை வரவேண்டியிருந்தது. நாம் ஒரு மனுஷனை "உடனே சரியாகு" என்கிறோம்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாக. கராசெக் என்று ஓர் ஆராய்ச்சியாளர் 1979-இலேயே எழுதியது: வேலை அதிகமாக இருப்பது மட்டுமே ஆளை உடைப்பதில்லை. வேலை அதிகம், ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தன் சொல்லுக்கு இடமே இல்லை என்ற நிலைதான் ரொம்ப உடைக்கிறது. சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரிடம் இதைச் சொன்னால், "இதுக்கு ஆராய்ச்சி வேற பண்ணாங்களா?" என்று கேட்பார். அண்ணனுக்கு இப்போது டாக்டர் கடிதத்தின் பேரில் ராத்திரி ஷிப்ட் இல்லை. மாத்திரை பாதி வேலை செய்தது என்றால் இது மீதி. இதை வாங்க நாங்கள் ஆறு மாதம் அலைந்தோம், அது வேறு கதை.

ஜபம் வேண்டாமா, விரதம் வேண்டாமா என்றால், நிச்சயம் வேண்டும். இத்தாலியில் பெர்னார்டி என்ற மருத்துவர் குழு 23 பேரை வைத்துப் பார்த்து 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அவர்கள் ஊர் ஜெபமாலையைச் சொன்னாலும் சரி, ஓம் என்று தொடங்கும் மந்திரத்தைச் சொன்னாலும் சரி, மூச்சு தானாகவே நிமிஷத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்குகிறது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அதற்கு ஏற்ப ஒரு தாளத்துக்கு வருகின்றன. நிதானமாகச் சொன்னால்தான். நம்மில் சிலர் சஷ்டி கவசத்தை பொன்னேரி வருவதற்குள் முடிக்கும் வேகத்தில் சொன்னால் இந்தக் கணக்கு வராது. அண்ணன் காலையில் மாத்திரை போட்டுவிட்டு "ஓம் சரவணபவ" சொல்ல உட்காருவார். எத்தனை தடவை என்று எண்ணுவதில்லை, மூச்சு அடங்கும் வரை சொல்வார். எண்ணாமல் சொன்னால் பலன் இல்லை என்று சொல்ல அவருக்கு இப்போது தம்பி கிடையாது.

கடைசியாக ஒரு கணக்கு. நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றில் பத்துப் பேருக்கு மேல் அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலப் பிரச்சனையோடு இருந்தார்கள். நோய்க்குத் தக்கபடி, 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை. அந்தக் கணக்குப்படி நம்ம குழுவிலேயே எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவர், இப்போதுதான் தயங்கித் தயங்கி முதல் மாத்திரை அட்டையை வாங்கி பர்ஸில் ஒளித்து வைத்திருப்பவர், போன வாரப் பதிவையும் படித்திருப்பார். அவருக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அந்தச் சகோதரிக்கும் தனியாக எழுதினேன். குறை சொல்லவில்லை, டாக்டரை ஒரு தடவை பார்த்து நிறுத்தியதைச் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் கேட்டேன். குறைக்க வேண்டும் என்றாலும் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். இன்னும் பதில் வரவில்லை.

மனசு தாங்காத நேரத்தில் பேச, எந்த நேரமும் இலவசமாக 14416. தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் சினேகா அமைப்பு: 044-24640050. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகக் கூச்சமாக இருந்தால் எனக்குக் குழுவில் தனியாக எழுதுங்கள், நான் கூட வருகிறேன். அங்கே வெளியே பெஞ்சில் காத்திருந்து எனக்குப் பழக்கம்தான்.

வரும் செவ்வாய் அண்ணனும் நானும் சிறுவாபுரி போகிறோம். கூட்டம் ஏறுவதற்குள் தரிசனம் முடிக்கலாம் என்று விடியற்காலையிலேயே கிளம்புகிறோம். வண்டியில் ரெண்டு பேருக்கு இடம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை பக்கம் இருந்து யாராவது வருவதாக இருந்தால் திங்கள் ராத்திரிக்குள் சொல்லுங்கள். காலை மாத்திரை போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள், போகிற வழியில் டிபன் சாப்பிட நிறுத்துவோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!